வெட்டியெடுக்கப்பட்ட ஏடு

அக்டோபர் 27, திங்கள்

"நகரம் அழிந்த முப்பதாம் ஆண்டில், பாபிலோனில், படுக்கையில் கிடந்தபடி மனம் கலங்கினேன்" என்ற பொருள்பட நான்காம் எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரம் தொடங்குகிறது. நூலின் உண்மையான தொடக்கமும் அதுவே. முதல் இரண்டு அதிகாரங்களும் கடைசி இரண்டும் பின்னாளில் கிறிஸ்தவர்கள் சேர்த்தவை. பாபிலோன் என்று பெயர் சொன்னாலும், இதை எழுதிய யூதர் மனத்தில் இருந்தது கி.பி. 70 இல் உரோமையர் எரித்த எருசலேம்தான். எழுதிய காலம் அந்த நூற்றாண்டின் இறுதி. பெயர் தெரியாத அம்மனிதர், பழங்கால யூத மறைநூல் அறிஞர் எஸ்ராவின் குரலை எடுத்துக்கொண்டு, கடவுளிடம் நேரடியாகக் கேட்கத் துணியாதவற்றையெல்லாம் ஊரியேல் என்னும் வானதூதரிடம் கேட்கிறார். எபிரேய மூலமும் மறைந்துவிட்டது, அதிலிருந்து வந்த கிரேக்க மொழிபெயர்ப்பும் ஏறத்தாழ முழுவதுமாக மறைந்துவிட்டது. இலத்தீன், சிரியாக்கம், எத்தியோப்பியம், அர்மேனியம், ஜார்ஜியம், அரபு ஆகிய மொழிகளில்தான் நூல் உயிரோடு இருக்கிறது. நம் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இது இல்லை, சீர்திருத்தச் சபைகள் ஏற்காமல் நாம் ஏற்கும் இணைத் திருமுறை நூல்களிலும் இல்லை.

செவிலியர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். கைப்பேசி வெளிச்சத்தில் படிக்கிறேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

அம்மா கஞ்சியைத் தொடவில்லை. "நெருப்பை நிறுத்துக் காட்டு, காற்றை அளந்து காட்டு, கடந்துபோன ஒரு நாளைத் திரும்ப அழைத்துக் காட்டு" என்று ஊரியேல் எஸ்ராவிடம் கேட்ட இடத்தை விட்டு இன்று நகரவே முடியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

காணாமற்போன வசனங்களைப் பற்றி முழுமையாக எழுதி வைக்க வேண்டும்.

1611 இல் அச்சான ஆங்கில விவிலியத்தின் தள்ளுபடி ஆகமம் என்னும், திருமுறையில் சேராத நூல்களின் பகுதியில் இந்நூல் இருந்தது. அதில் ஏழாம் அதிகாரத்தின் 35 ஆம் வசனம் வரை இறுதித் தீர்ப்பைப் பற்றிய பேச்சு நடக்கிறது. அடுத்த வசனத்தில் எஸ்ரா திடீரென்று, ஆபிரகாம் சோதோமுக்காக மன்றாடினாரே, மோசே பாலைவனத்தில் பாவம் செய்த முன்னோருக்காக மன்றாடினாரே என்கிறார். யாரும் எதையும் மறுக்காதபோது அவர் எதற்காக இப்படி வாதாடுகிறார்? பல தலைமுறை வாசகர்கள், கேட்கப்படாத ஒன்றுக்குச் சொல்லப்பட்ட பதிலை மட்டும் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

1865 இல் கில்டமைஸ்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பாரிசின் சேன் ஜெர்மேன் மடத்துக்கு உரியதாக இருந்த, 822 ஆம் ஆண்டைச் சேர்ந்த இலத்தீன் கையெழுத்துப் பிரதியில், அந்த இடத்தில் எழுபது வசனங்கள் கொண்ட ஓர் ஏடு வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. அந்த எழுபது வசனங்கள் இல்லாத பிற்கால இலத்தீன் பிரதிகள் எல்லாம் அந்த ஒரே பிரதியின் வழிவந்தவை. ஒரு கத்தி ஒரு முறை செய்த வேலை, பிரதியெடுத்தவர் கைகள் வழியாக அச்சுக்கூடம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு அமியேன் நகர நூலகத்தில் இருந்த ஒன்பதாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றில் ராபர்ட் பென்ஸ்லி அவ்வசனங்களைக் கண்டு 1875 இல் வெளியிட்டார். பால்மர் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1826 இலேயே ஸ்பானியப் பிரதி ஒன்றிலிருந்து அவற்றைப் படியெடுத்து வைத்திருந்தார். அவர் இறந்து வெகு காலத்துக்குப் பின் 1877 இல்தான் அந்தப் படி வெளிவந்தது. எத்தியோப்பியத்திலும் அரபிலும் அவை என்றுமே தொலைந்ததில்லை.

வெட்டியவர் பெயர் தெரியாது. இறந்தோருக்கான மன்றாட்டுக்கு அவ்வசனங்கள் எதிராக இருந்தமையால் வெட்டினார் என்று பலர் கருதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அதே கருத்து, வெட்டிய இடத்துக்குப் பத்து வசனம் தள்ளி, அழிந்துபோகிறவனை அந்நாளில் யாரும் மீட்க முடியாது என்று மீண்டும் வருகிறது. அதை அவர் விட்டுவைத்தாரே!

நவம்பர் 1, சனி

வெட்டப்பட்ட ஏட்டின் கடைசி வசனங்கள் இவை. தீர்ப்பு நாளில் நீதிமான்கள் தீயோருக்காகப் பரிந்து பேச முடியுமா, தந்தை மகனுக்காக, பிள்ளைகள் பெற்றோருக்காக, உடன்பிறந்தோர் உடன்பிறந்தோருக்காக, நண்பர் தம் உயிர் நண்பருக்காக மன்றாட முடியுமா என்று எஸ்ரா கேட்கிறார். தூதர் சொல்லும் பதிலை என் சொற்களில் எழுதுகிறேன்: இன்று ஒரு தந்தை தமக்குப் பதிலாக நோயுறவோ உறங்கவோ உண்ணவோ குணமடையவோ தம் மகனை அனுப்ப முடியாதது போலவே, அந்நாளில் ஒருவருக்காக மற்றவர் மன்றாட முடியாது.

நோயுறவோ, உறங்கவோ, உண்ணவோ, குணமடையவோ. இந்நான்கையும் அடுக்கியவர் யாருடைய படுக்கையருகிலோ பல இரவுகள் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும். அறிவால் மட்டும் இந்த வரிசை வராது. அம்மாவின் உதட்டருகே கரண்டியை நீட்டிக்கொண்டு இருக்கும்போது, "உண்ணவோ" என்ற சொல் எத்தனை கொடிய உண்மை என்பது விளங்குகிறது. அவருக்குப் பதிலாக என்னால் ஒரு வாய் விழுங்க முடியாது, அரைமணி நேரம் தூங்க முடியாது. இதுவரை நான் படித்த எந்த மறைநூலும் இந்த இயலாமையை இத்தனை வெளிப்படையாகப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதனாலேயே இந்த ஏட்டின்மேல் கோபம் வருகிறது, அதனாலேயே கீழே வைக்கவும் முடியவில்லை.

இது உண்மையென்றால் நாங்கள் அப்பாவுக்காக ஆண்டுதோறும் ஒப்புக்கொடுக்கும் பூசை எதற்கு?

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். இந்த ஆண்டு கல்லறைக்கு யாரும் போகவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றும்படி பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

காலைப் பூசையில் "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக" என்று எல்லோரும் சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது. உங்கள் ஆயரை எதிர்பாருங்கள், அவர் உங்களுக்கு நித்திய இளைப்பாற்றி தருவார், முடிவில்லாத ஒளி உங்கள்மேல் ஒளிரும் என்று இதே நூலின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது, 34 ஆம் 35 ஆம் வசனங்கள். கிறிஸ்தவர் ஒருவர் முன்னே சேர்த்த பகுதி அது. இலத்தீன் திருச்சபை தன் இறந்தோர் மன்றாட்டின் சொற்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. இறந்தோருக்காக நாம் சொல்லும் மன்றாட்டும், தீர்ப்பு நாளில் யாரும் யாருக்காகவும் மன்றாட முடியாது என்ற கூற்றும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. திருச்சபை ஏற்ற மறைநூல்களின் பட்டியலில் இடம் கிடைக்காத நூல் இது. ஆனால் அப்பாவை அடக்கம் செய்த அன்று ஊரே உரக்கச் சொன்னது இதன் வரியைத்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

இந்த வாதம் எனக்குப் புதியது, திருச்சபைக்குப் பழையது. இறந்தபின் ஒருவருக்காக ஒருவர் மன்றாடத் துணியார் என்று காட்ட விஜிலான்சியுஸ் என்ற குரு எஸ்ராவின் பெயரால் வழங்கிய நூலை மேற்கோள் காட்டினார். புனித ஜெரோம் 406 ஆம் ஆண்டில் அவருக்கு எழுதிய சீற்றமான மறுப்பில், அந்த நூலைத் தாம் படித்ததே இல்லை என்றும், திருச்சபை ஏற்காத ஒன்றை எதற்குக் கையில் எடுக்க வேண்டும் என்றும் கேட்கிறார். அதே நூலைச் சில ஆண்டுகளுக்கு முன்பு மிலான் ஆயர் புனித அம்புரோஸ் ஊன்றிப் படித்திருக்கிறார். சாவைப் பற்றி எழுதிய நூலில், ஆன்மாக்கள் காத்திருக்கும் அறைகளை விளக்க எஸ்ராவையே சான்றாகக் கொள்கிறார். இருவரும் புனிதர்கள், இருவரும் மறைவல்லுநர்கள். நான் அம்புரோசின் பக்கம். படிக்காமல் மறுப்பதைவிடப் படித்து வருந்துவது மேல்.

இந்நூலின் முழுமையான சிரியாக்கப் பிரதி ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அது இருப்பதும் மிலானில், அம்புரோசின் பெயரைத் தாங்கிய நூலகத்தில்.

நவம்பர் 5, புதன்

இரண்டு கரண்டி இளநீர் உள்ளே போனது. ஆண்டவரே நன்றி.

நவம்பர் 7, வெள்ளி

திருச்சபை மறைத்துவிட்ட நூல்கள் என்று நடைக்கூடத்தில் ஒருவர் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். கான்ஸ்தந்தைன் பேரரசர் 325 இல் நீசேயாவில் ஆயர்களைக் கூட்டி, வேண்டிய நூல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்தாராம். நீசேயா இயற்றிய சட்டங்களில் விவிலிய நூல்களின் பட்டியல் எதுவுமே கிடையாது. பட்டியல் பல இடங்களில், பல கைகளில், மெல்ல உருவானது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் அப்படியே வரிசைப்படுத்தும் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுசின் மடல் 367 ஆம் ஆண்டினது. கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் 1546 ஏப்ரலில் தன் பட்டியலை உறுதி செய்தபோது நான்காம் எஸ்ரா அதில் இடம்பெறவில்லை. ஆனாலும் 1592 இல் உரோமையில் அச்சிட்ட வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியத்தின் பின்னிணைப்பில் அதையும் வேறு இரண்டு நூல்களையும் சேர்த்தார்கள். முற்றிலும் அழிந்துபோகாதிருக்கவே சேர்த்தோம் என்று காரணமும் எழுதினார்கள். மறைக்க நினைப்பவர்கள் அப்படி அச்சடிப்பார்களா? எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கோ இது இன்றும் மறைநூல். பழைய யூத நூலான ஏனோக்கு நூலையும் முழுமையாகக் காப்பாற்றித் தந்தவர்கள் அவர்களே.

சதி என்று சொல்லிவிட்டால் நூலைப் படிக்க வேண்டியதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஒன்பதாம் அதிகாரம். வீடு எதுவும் கட்டப்படாத வயல்வெளியில், இறைச்சியும் மதுவும் இன்றிப் பூக்களை மட்டும் உண்டு காத்திருக்கும்படி எஸ்ராவுக்குச் சொல்லப்படுகிறது. அங்கே உடை கிழிந்து, தலையில் சாம்பலோடு ஒரு பெண் அழுகிறாள். முப்பது ஆண்டு பிள்ளையின்றி இருந்து பெற்ற ஒரே மகன், மணவறைக்குள் நுழைந்ததும் விழுந்து இறந்துபோனான். எஸ்ரா முதலில் அவளைக் கடிந்துகொள்கிறார். நாங்கள் எல்லோரும் எங்கள் தாய் சீயோனுக்காக, அழிந்த எருசலேமுக்காக, அழும்போது நீ ஒரு மகனுக்காக அழுகிறாயே என்கிறார். பிறகு தேற்றவும் செய்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மின்னலாய் ஒளிர்கிறது, நிலம் அதிர்கிறது, அவள் நின்ற இடத்தில் ஒரு நகரம் எழுகிறது.

ஏழு அதிகாரமாகத் தூதர் தேற்றியும் தேறாத மனிதர் அவர். இன்னொருத்தியைத் தேற்ற வாய் திறந்த பிறகே அவருக்கு வழி திறக்கிறது. இதன் ஆசிரியர் அவ்வளவு சொன்ன பிறகும் மன்றாட்டை நிறுத்தவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். யாரும் யாருக்காகவும் பேச முடியாது என்ற பதிலைக் கேட்டபின், எட்டாம் அதிகாரத்தில் எஸ்ரா தம் மக்களுக்காக எழுப்பும் மன்றாட்டு நூலிலேயே மிக அழகானது.

நவம்பர் 12, புதன்

அக்கா வந்திருக்கிறாள். இறந்தோருக்காக மன்றாடுவது அவள் புகுந்த வீட்டுச் சபையில் வழக்கமில்லை. அப்பாவுக்கு வைத்த பூசைகளுக்கு அவள் வந்ததில்லை, நானும் அழைப்பதை நிறுத்திவிட்டேன். யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே போரில் மாண்டோருக்காக இரண்டாயிரம் வெள்ளித் திராக்மாவைப் பாவம் போக்கும் பலிக்கென எருசலேமுக்கு அனுப்பினாரே என்றேன். மக்கபேயர் நூல் எங்கள் வேதாகமத்தில் இல்லையே என்றாள், சண்டையில்லாமல். ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 விதிகளில் ஆறாவது, கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளாமல் நல்வாழ்வுக்காகப் படிக்கத்தக்க நூல்களில் நான்காம் எஸ்ராவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது என்று காட்டினேன். அவள் நெடுநேரம் கைப்பேசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இரவு நீ தூங்கு, நான் விழித்திருக்கிறேன் என்றாள்.

எனக்குப் பதிலாக.

நவம்பர் 13, வியாழன்

மூச்சு மாறியிருக்கிறது. பதினான்காம் அதிகாரத்துக்கு வந்துவிட்டேன்: நெருப்பின் நிறத்தில் நீர் நிறைந்த கிண்ணத்தை எஸ்ரா குடிக்கிறார், ஐந்து எழுத்தர்கள் நாற்பது நாள் எழுதுகிறார்கள், 94 நூல்கள் உருவாகின்றன. இருபத்து நான்கைத் தகுதியுள்ளவரும் இல்லாதவரும் படிக்கத் திறந்து வைக்க வேண்டும், எழுபதை ஞானிகளுக்கெனக் காக்க வேண்டும். விலக்கி வைக்கப்பட்டவற்றில்தான் அறிவின் ஊற்று இருக்கிறது என்று, பின்னாளில் தானே விலக்கப்பட்ட இந்நூல் சொல்கிறது.

உடலைப் பிரிந்த ஆன்மாக்களுக்கு ஏழு நாள் விடுதலை உண்டு, வரப்போவதை அவை பார்த்துக்கொள்ளும், பிறகே தத்தம் அறைகளில் சேர்க்கப்படும் என்று வெட்டப்பட்ட ஏட்டில் இருப்பதை அக்காவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசி என்றாள். எட்டாம் அதிகாரத்தைத் திறந்தேன், என் படைப்பை என்னைவிட மிகுதியாய் நேசிக்க உன்னால் இயலாது என்று கடவுள் எஸ்ராவிடம் சொல்லும் இடம் வரை வாசித்தேன். அந்த எழுபது வசனத்தையும் வாசி என்கிறாள். மருத்துவர் ஏழு மணிக்கு வருவார், அதற்குள் முடித்துவிடலாம்.