சொத்தையில்லாத பல்லில் வரும் வலி

திருப்பூரில் பல் மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில், வலிக்கிற பல்லில் சொத்தை இல்லை என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் தோன்றும் அவநம்பிக்கையை நான் நன்கறிவேன். சொத்தை என்றால் அவருக்குப் புரியும். பூச்சி அரித்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டு, அடைக்கவோ பிடுங்கவோ சம்மதித்துவிடுவார். கடிக்கும் விசையே பல்லைக் கெடுத்திருக்கிறது என்பதைத்தான் அவர் நம்ப மறுக்கிறார். கடிப்பதற்குத்தானே பல் இருக்கிறது என்று அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பல்லின் வேர் தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது; கடிக்கும் அழுத்தத்தை வாங்கி எலும்புக்குப் பரப்பிக் கொடுப்பது அதுதான். நேர்குத்தாக இறங்கும் அழுத்தத்தை நன்றாகவே தாங்கும் அந்த நார்கள், பக்கவாட்டில் மாறி மாறி வரும் தள்ளலுக்கு ஈடுகொடுப்பதில்லை. மெல்லுவதையும் விழுங்குவதையும் சேர்த்துக் கூட்டினாலும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரு நாளில் தொட்டுக்கொள்ளும் நேரம் சுமார் 20 நிமிடங்களுக்குள் அடங்கிவிடும் என்பது எங்கள் துறையில் வழங்கிவரும் பழைய கணக்கு. தூக்கத்தில் பல்லை அரைப்பவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. நடுவில் உணவு இல்லாமல் பல்லோடு பல் உரசுகிறது. விழித்திருக்கும்போது அளவோடு நிறுத்தச் சொல்லும் உணர்வும் அந்த நேரத்தில் மங்கிக் கிடக்கிறது.

விசையை நேரில் பார்க்க வழியில்லாததால் தடங்களைத் தேட வேண்டியிருக்கிறது. கடைவாய்ப்பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருக்கின்றனவா, எனாமல் போய் உள்ளிருக்கும் மஞ்சள் பகுதி தெரிகிறதா, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த வளைவுகளும் கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடும் இருக்கின்றனவா, காதுக்கு முன்னே தாடைத் தசை புடைத்துத் தொட்டால் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பல்லின் வெளிப்புறத்தில் விரலை வைத்துக்கொண்டு கடிக்கச் சொன்னால், அளவுக்கு மீறி அழுத்தம் வாங்கும் பல் விரலடியில் அதிரும். எக்ஸ்ரேயில் அதே பல்லின் வேரைச் சுற்றியுள்ள கருங்கோடு, அதாவது அந்த நார்ப்படலம் இருக்கும் இடம், வழக்கத்தைவிட அகலமாகத் தெரியும். இவ்வளவுக்கும் பிறகு, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுண்டா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்ற பதில்தான் வரும். உண்மை உடன் வந்தவரிடம் இருக்கும். “ராத்திரி நறநறன்னு கடிக்கிறாருங்க டாக்டர், வயித்துல பூச்சி இருக்கும்னு மாத்திரைகூட வாங்கிக் குடுத்தேனுங்க” என்று ஒரு மனைவி சொன்னபோது கணவர் வியந்து அவரைத் திரும்பிப் பார்த்தார். பூச்சி மாத்திரையால் பல் அரைப்பு நின்றுபோன ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. மன அழுத்தம், மது, புகையிலை, மிகுதியான காப்பி, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவற்றுக்கு இதில் பங்குண்டு. குறட்டையோடு மூச்சுத் தடைபட்டுத் தூங்குபவரிடம் பல் அரைப்பும் இருந்தால், அவரை முதலில் பொது மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

இத்தகையவர்களுக்கு இரவில் மாட்டிக்கொள்ள, கடினமான அக்ரிலிக்கில் நைட் கார்டு என்னும் பல்லுறை செய்து கொடுக்கிறோம். அது பல் அரைப்பதை நிறுத்துவதில்லை. பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்கிறது, விசையை எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது, அவ்வளவே. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், சில மாதங்களில் தேய்ந்த கார்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, சரக்கு சரியில்லை என்று சண்டை பிடிப்பார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற கார்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு அவை கடித்துக்கொண்டேயிருக்கும் பழக்கத்தைக் கூட்டிவிடுகின்றன.

பகலில் நடப்பது வேறு. பனியன் கம்பெனித் தையல்காரர்களிடம், நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் வழக்கத்தால் மேல் முன்பல்லின் விளிம்பில் சிறு பள்ளம் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே கத்தரி இருக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவர் அதை எடுக்கும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கிறார். பார்ப்பதற்கு அது துலக்கமாகத் தெரிந்தாலும் ஈறுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில், தன்னையறியாமல் பல்லை இறுகக் கடித்தபடி மெஷினில் மணிக்கணக்காகக் குனிந்திருப்பவரின் கடைவாய்ப்பல்தான் எனக்குக் கவலை தருகிறது. அது விரிசல் விட்டால், கடிக்கும்போது வராத வலிகூடக் கடித்ததை விடும்போது சுரீரென்று வரும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

புதிதாகப் போட்ட கேப் சற்று உயரமாக இருந்துவிடுவதும் இந்த வகையே. மரத்துப்போன வாயோடு கடிப்பவரால் அதைச் சரியாகச் சொல்ல முடியாது. மறுநாள் வண்ணத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த புள்ளியை மட்டும் தேய்த்துவிட்டால் தீர்ந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் யோசித்தது விசைக்கும் ஈறுநோய்க்கும் உள்ள உறவைப் பற்றித்தான். வியன்னாவைச் சேர்ந்த பல் மருத்துவர் கரோலி 1901-இலேயே பல் அரைப்பை ஈறில் சீழ் பிடிக்கும் நோயோடு இணைத்துப் பேசினார். 1960-களில் அமெரிக்க ஈறுநோய் ஆய்வாளர் கிளிக்மன், கிருமியால் வரும் அழற்சியும் மிகை விசையும் கூட்டாகவே எலும்பை அழிக்கின்றன என்றார். பின்னர் நாய்களிலும் குரங்குகளிலும் செய்த சோதனைகளில், ஈறு சுத்தமாக இருந்தவரை விசையால் பல் ஆடியதே தவிர ஈறின் பிடிப்பு போகவில்லை; அழற்சி இருந்த நாய்களிலோ அழிவு விரைந்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஈறுநோய் வல்லுநர் அமைப்புகள் 2017-இல் சிகாகோவில் கூட்டிய மாநாடும், விசை தனித்து நின்று மனிதரின் ஈறைக் கரைக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்றே முடிவு செய்தது. ஈரமண்ணில் நட்ட கம்பத்தை ஆட்டுவது போன்றதுதான் இது என்று நோயாளிகளுக்குச் சொல்வேன்: ஆட்டுவது ஒரு கை, மண்ணை இளக்கியது வேறொன்று.

செக்கிங் பிரிவில் வேலை பார்த்த நடுவயது அம்மா ஒருவர், மேல் முன்பற்கள் விசிறிபோல விலகி இடைவெளி விழுந்துவிட்டது என்று வந்தார். கீழ்க் கடைவாய்ப்பற்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடுங்கிவிட்டு, மாற்றுப் பல் கட்டாமல், முன்பற்களாலேயே மென்று பழகியிருந்தார். ஈறு வீங்கி, காரை படிந்து, தொட்டாலே இரத்தம் வந்தது. நீட்டியிருக்கும் பல்லை ராவிவிடச் சொல்லித்தான் அவர் வந்தார். சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று பக்கத்து வீட்டில் யாரோ பயமுறுத்தியும் இருந்தார்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது என்பதால், அழற்சி அடங்கும்வரை பல்லில் கைவைக்க நான் சம்மதிக்கவில்லை. வேர்வரை சுத்தம் செய்து, ஈறு இறுகிய பிறகு, கடிக்கும்போது முட்டிய இடங்களை மட்டும் மெல்லக் குறைத்தேன். பின்னால் கடைவாய்க்குக் கழற்றி மாட்டும் பல்செட் செய்து கொடுத்தேன். ஆட்டம் குறைந்தது, விரலடியில் அதிர்வும் நின்றது. இடைவெளி பாதிதான் மூடியது. மீதிக்குக் கம்பி போடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பல்செட்டில் கடலை மிட்டாய் கடிக்கலாமா என்று கேட்டார். மிட்டாயை விட்டுவிட்டு வறுத்த கடலையைச் சாப்பிடுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக மென்று சாப்பிடுங்கள் என்றேன்.