தொட்டியில் ஒரு பே லாரல்

மார்ச் 8

முழங்கால் உயரத்தில் ஒரு பே லாரல் கன்று வாங்கி வந்துவிட்டேன்; சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் இலையைத் தரும் மரம் இது. எடுக்கும் முன் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். லாரல் என்று பெயர் பெற்ற எல்லாச் செடியின் இலையும் சமையலுக்கு ஆகாது. செரி லாரல் பளபளவென்று அழகாக இருக்கும்; ஆனால் நச்சுச் செடி. கசக்கினால் பாதாம் வாசனை அடிக்கும். என் கன்றில் எழுந்தது யூகலிப்டஸ் தைலத்தின் சாயல். அந்தத் தைலத்தில் மிகுந்திருக்கும் சினியோல்தான் இந்த இலையிலும் முதன்மையான மணப்பொருள்.

மார்ச் 9

சுவரோரம் கையகலம் மண் இருந்தும் தொட்டியில்தான் வைத்தேன். மத்தியதரைக் கடல் பகுதியின் மரம் இது. மெதுவாக வளரும் என்பதை நம்பித் தரையில் நட்டால், நிற்காமல் வளர்ந்து 10 மீட்டரையும் தாண்டக்கூடும். வேரைக் கட்டுக்குள் வைத்தால் கிளையும் கட்டுக்குள் நிற்கும். ஆள் உயரத்திலேயே பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். சிறிய தோட்டத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கனமான மண்தொட்டி, காற்றுக்குச் சாயாது. பழைய தொட்டியைவிட இரண்டு விரல் மட்டுமே அகலம் கூடுதல். இடம் தாராளமாக இருந்தால் வேர் எட்டாத மண் நீரைப் பிடித்துவைத்து அழுகலைக் கொண்டுவரும். தோட்டமண், மட்கிய உரம், பருமணல் கலந்து நிரப்பினேன். வடிகால் துளை அடைபடாமல் இருக்க அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 21

துளிர் விட்டிருக்கிறது! கொழுந்து இலைகள் விரலுக்கு மெத்தென்று இருக்கின்றன. முதிர்ந்தவையோ தோல் போலத் தடித்தவை. ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒற்றை நரம்பு, அதிலிருந்து இருபுறமும் பிரியும் கிளை நரம்புகள், அவற்றுக்கிடையே நுண்ணிய வலை. அலை அலையாக நெளியும் விளிம்பில் மெல்லிய கண்ணாடிக் கோடு போல ஒரு கரை ஓடுகிறது. பிரிஞ்சி இலை என்று பரவலாக விற்கப்படும் இன்னொரு இலையில் அடியிலிருந்து நுனி நோக்கி மூன்று நரம்புகள் ஓடும். அது லவங்கப்பட்டையின் நெருங்கிய உறவு. இதற்குத் தூரத்துச் சொந்தம். குடும்பம் ஒன்றே என்றாலும் மணம் வேறு.

மே 30

கீழ்ப்பக்கத்துப் பழைய இலைகள் சில மஞ்சளாகி உதிர்கின்றன. பசுமை மாறா மரத்துக்கும் இலைக்கு ஆயுள் உண்டு. புதுத் துளிர் வரும்போது பழையது விடைபெறும். மேல் இலைகளும் சேர்ந்து மஞ்சளித்தால் மட்டுமே கவலை. அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது தேங்கிய நீர். விரலை மண்ணில் இரண்டு கணு நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுகிறேன். ஈரமிருந்தால் தொடுவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மேல்மண் மட்டுமே நனைந்துகொண்டிருக்கும்.

ஜூலை 6

நுனிக் கிளையில் நாலைந்து இலைகளின் ஓரம் தடித்து, மஞ்சளித்து, உள்நோக்கிச் சுருண்டிருந்தது. ஒரு சுருளை நகத்தால் பிரித்தேன். உள்ளே வெள்ளை மெழுகுப் பஞ்சு போர்த்திய பொடிப் பூச்சிகள், அசையாமல் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. இந்த மரத்தைத் தேடி வரும் சாறுறிஞ்சி இது. மரத்தைக் கொல்லாது, அழகைக் கெடுக்கும். சுருண்ட இலைகளைக் கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். பறித்துச் சமைக்கும் இலையில் மருந்து தெளிக்க எனக்கு மனம் இல்லை.

தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். செதில் பூச்சி என்ற வேறொரு சாறுறிஞ்சி சுரக்கும் தேன் போன்ற பிசினைத் தேடித்தான் எறும்பு வரும். பிசின் மேல் கரும்பூசணம் படர்ந்துவிடும். தொடக்கத்தில் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

ஆகஸ்ட் 17

கவாத்து. புதர்வேலி வெட்டும் பெரிய கத்தரியை இதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பாதியில் அறுபட்ட இலை ஒவ்வொன்றும் விளிம்பு கருகி நிற்கும். சிறிய கத்தரியால் ஒவ்வொரு கிளையாக, இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டினேன். அடியில் முளைத்த பக்கக் கன்றுகளை வேரோரமாகவே அகற்றினேன். விட்டால் மரம் புதராகும்.

வெட்டிய கிளைகளில் அரைமுற்றலானவற்றைக் குச்சியாக நட்டிருக்கிறேன். வேர்விட மாதக்கணக்கில் ஆகும்; விதையோ முளைக்கவே ஆறு மாதம்கூட எடுக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனி மரம் என்பதால், பெண் மரத்தில்தான் விதை கிடைக்கும். பொறுமை உள்ளவர்களுக்குப் பதியம் போடுவதே நம்பகமானது.

செப்டம்பர் 14

முதல் அறுவடை. முற்றிய கரும்பச்சை இலைகள் மட்டும். பச்சையாகப் போட்டால் கசப்பு தூக்கலாக இருக்கும். உலர்ந்தால் கசப்பு அடங்கி மணம் நிற்கும். வெயில் படாத இடத்தில் தாளுக்கு நடுவே பரப்பி, சுருளாமல் இருக்க மேலே லேசான பாரம் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 23

மைனஸ் 5 டிகிரி வரையிலான குளிரை இம்மரம் பெரும்பாலும் தாங்கும். ஆனால் தொட்டியில் வேர்தான் முதலில் உறையும். கிளையைப் போர்த்துவதைவிடத் தொட்டியைப் போர்த்துவது முக்கியம். சாக்கு சுற்றி, வாடைக்காற்று படாத சுவரோரம் நகர்த்திவிட்டேன். இனி உரம் கிடையாது, நீரும் அரிதாகத்தான். துளிர் காலம் தொடங்கும்போது மேல்மண்ணை மட்டும் சுரண்டி மாற்ற வேண்டும். தொட்டி மாற்றம் அதற்கடுத்த ஆண்டு.