பிரெஞ்சு வீட்டாருக்கு ஒரு விடைபெறும் மாலை: அடுத்து போகிறவர்களுக்காக

பிரான்சில் ஒரு செமஸ்டர் மொழி படிக்கப் போகிறவர்களில் பலர் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு தங்குவார்கள். படிப்பு முடிகிற வாரத்தில் அந்த வீட்டாரையெல்லாம் ஒரு மாலை அழைத்து, மாணவர்கள் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தி விடைபெறுவது உண்டு. "நாலு நாள் போதும், பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆறு வாரம் முன்னாலேயே ஆரம்பியுங்கள். டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி1 நிலைப் பேச்சுத் தேர்வில் நான் தயங்காமல் வாய் திறந்ததற்கு வகுப்பைவிட அந்த ஆறு வார ஒத்திகைதான் காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பதினான்கு பேர், லுவார் ஆற்றங்கரையில் இருக்கிற தூர் நகரத்தில் படித்தோம். நான் சென்னை. மற்றவர்கள் பிரேசில், ஜப்பான், கொரியா, அமெரிக்கா. முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே யோசனைதான்: நாட்டுக்கு ஒரு பாட்டு, நாட்டுக்கு ஒரு ஆட்டம். பட்டியல் போட்டு முடித்துவிட்டோம். எங்கள் ஆசிரியை அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதில் அந்தக் குடும்பங்கள் எங்கே?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஆறு மாதம் நம்மை மேசையில் உட்காரவைத்துச் சோறு போட்டவர்கள் முன்னால், நாம் ஏதோ சுற்றுலா விழாவுக்கு வந்தவர்கள் மாதிரி ஆடிவிட்டுப் போவதா என்று எனக்கு உறைத்தது. ஆட்டங்களை இரண்டாகக் குறைத்தோம். மீதி நேரம் முழுக்க அவர்கள் வீட்டில் எங்களுக்கு நடந்ததையே சின்னச் சின்ன நாடகங்களாக்கினோம்.

என்னுடைய காட்சி ஒரே சொல்லைப் பற்றியது. மெர்சி.

தூர் வந்த முதல் இரண்டு வாரம், இரவுச் சாப்பாட்டின்போது வீட்டம்மா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நீட்டி "இன்னும் கொஞ்சம்?" என்பார். நான் நன்றியோடு "மெர்சி" என்பேன். பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். நன்றி சொன்னால் போடுவார்கள் என்று நான் காத்திருக்க, அவர் தன் சமையல் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு மேசையில் கொடுக்கிற பொருளுக்கு வெறும் "மெர்சி" என்றால் "வேண்டாம், போதும்" என்று பொருள். வேண்டுமானால் "வோலோந்தியே", அதாவது மகிழ்ச்சியோடு, என்று சொல்ல வேண்டும். வகுப்பில் இது தெரிந்த பிறகு தலையாட்டிச் சமாளித்துக்கொண்டேன். நடந்ததை அவரிடம் எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதைத்தான் காட்சியாக எழுதினேன்.

வசனத்தைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை. எழுதியதை தங்கவைத்த குடும்பங்களில் யாராவது ஒருவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்; எங்களுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிடைத்தார். இலக்கணத்தைத் திருத்தியதைவிடப் பெரிய உதவி, ஒரு வரியை எடுக்கச் சொன்னார். ஒரு வீட்டில் அப்பா வார இறுதியில் மட்டும் வருவதைப் பற்றிய வரி அது. எங்களுக்குச் சாதாரணமாகப் பட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. நம்மை வீட்டுக்குள் விட்டவர்களின் சொந்த விஷயம் எதுவும் மேடைக்கு வரக்கூடாது.

ஒத்திகைக்குப் பிரெஞ்சில் "ரெபெத்திசியோன்" என்று பெயர், அதாவது திரும்பச் சொல்வது. பெயருக்கேற்ற மாதிரியே நடந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சில் மீனுக்கும் குடிக்கிற பானத்துக்கும் முதல் ஒலிதான் வித்தியாசம். ஒன்று "பள்ளி"யில் வரும் ப, மற்றது "பஸ்"ஸில் வரும் ப. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. நான் என் காட்சியில் "மீன் வேண்டுமா" என்று கேட்டால், எதிரில் நின்ற பிரேசில் தோழி தண்ணீர் ஜாடியை எடுத்து வந்தாள். கையைத் தொண்டையில் வைத்து, அதிர்வு எப்போது வருகிறது என்று பார்த்து வாரக்கணக்கில் பழகினேன். இன்னொன்று, "நீ" என்பதற்கான "த்யு". உதட்டை ஊ சொல்வதுபோலக் குவித்து, உள்ளே நாக்கு ஈ சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் ஒரு வாரத்தில் பிடிபடும். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் எதையும் நாற்பது முறை சொன்னதில்லை. நாடகத்துக்காகச் சொன்னேன்.

பி1 பேச்சுத் தேர்வில் மூன்று பகுதி. அதில் நடுவில் வருவது, தேர்வாளரோடு ஒரு சூழ்நிலையை நடித்துக் காட்டுவது. தயாரிக்க நேரம் தரமாட்டார்கள். பத்து நிமிடத் தயாரிப்பெல்லாம் கடைசிப் பகுதிக்கு மட்டும்தான். முழுத் தேர்வுக்கும் மொத்தம் 100 மதிப்பெண், தேற 50 வேண்டும், கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்கிற நான்கு திறன்களில் எதிலும் 25-க்கு 5-க்குக் கீழே போகக்கூடாது. நிகழ்ச்சி முடிந்த அடுத்த வாரம் எனக்குத் தேர்வு. "கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறீர்கள்" என்றதும், ஒத்திகையில் நிற்கிற மாதிரியே நின்று பேச வந்துவிட்டது.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது மண்டபத்துக்கு நகராட்சிக்குக் கடிதம் எழுத வேண்டும். நீங்களே எழுதுங்கள், எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சி. மண்டபம் தருமுன் எங்களிடம் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்டார்கள், அதாவது நம்மால் பிறருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு. தங்குமிடத்துக்காக எடுத்த காப்பீட்டிலேயே அது இருக்கிறதா என்று பாருங்கள். ஊரை அழைத்துப் பொது நிகழ்ச்சியாக நடத்தி, உரிமையுள்ள பாட்டைப் பதிவாகப் போட்டாலும் நேரில் பாடினாலும் சசெம் என்கிற இசையுரிமை அமைப்புக்குத் தெரிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். நாங்கள் கிதார் ஒன்றை வைத்துச் சொந்தப் பாட்டுகளையே பாடினோம். தேதி வைக்கும்போது ஜூன் 21-ஐ விட்டுவிடுங்கள். 1982 முதல் அன்று நாடெங்கும் தெருவெல்லாம் இசை விழா, யாரும் மண்டபத்துக்குள் வரமாட்டார்கள். பாரிஸ் போன ஒரு தோழி லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடையில் உளுந்து வாங்கி வந்தாள், வடை சுட்டோம். மிளகாயைப் பாதியாகக் குறைத்தது நல்லதாயிற்று.

மேடை வழக்கங்கள் சில தெரிந்திருந்தால் பெரியவர்கள் மனம் நெகிழ்வார்கள். பார்வையாளர் பார்க்கும்போது மேடையின் இடப்பக்கத்தைத் "தோட்டம்" என்றும் வலப்பக்கத்தை "முற்றம்" என்றும் சொல்வார்கள். 1770-இல் பாரிஸின் துய்லெரி அரண்மனைக்கு நாடகம் குடிபோன காலத்துப் பழக்கம் அது. ஒருபுறம் தோட்டமும் மறுபுறம் முற்றமும் இருந்தன. பார்வையாளரைப் பார்த்து நிற்கிற நடிகருக்கு இதயம் இருக்கிற பக்கம் முற்றம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம், பிரெஞ்சில் இதயம், முற்றம் என்கிற இரண்டு சொல்லும் ஒலியில் நெருங்கியவை. பழைய முறையில் திரை விலகுமுன் தரையில் கோலால் மூன்று முறை தட்டுவார்கள். அந்தப் பொறுப்பை ஒரு வீட்டுத் தாத்தாவிடம் கொடுத்தோம். துடைப்பக் கட்டையைப் பிடித்து, அவர் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே மூச்சு விட்டு நிறுத்தித் தட்டியபோது அரங்கில் குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள்.

மேடையேறப் போகிறவருக்கு "நல்ல அதிர்ஷ்டம்" சொல்வது அங்கே கெட்ட சகுனம். "மெர்த்" என்கிற வசைச் சொல்லைத்தான் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் என் வீட்டம்மா வந்து என் கன்னத்தைப் பிடித்து அதைச் சொன்னார். என் வாயில் மெர்சி வந்துவிட்டது. விரலை என் உதட்டில் வைத்துத் தடுத்தார். அந்தச் சொல்லுக்கு நன்றி சொல்லக் கூடாதாம்.

என் காட்சியில் பாத்திரம் மூன்று முறை என்னைத் தாண்டிப் போனது. அரங்கு சிரித்தது. மூன்றாவது முறை நான் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது வரிசையில் இருந்து வீட்டம்மாவின் குரல் கேட்டது: "அப்படியானால் நீ பசியோடா எழுந்து போனாய்?" எழுந்தே நின்றுவிட்டார். வசனத்தில் இல்லாத பதிலை நான் மேடையிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு நிமிடம் இருக்கும், பிரெஞ்சில்தான் பேசினேன், என்ன இலக்கணம் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

வெளியே வரும்போது பத்து மணியாகியும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டி, ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

"வோலோந்தியே," என்றேன்.