ஆடிக் காற்றில் ரப்பர் ஒட்டுவது

பக்கத்து வீட்டுத் தம்பியின் டேபிள் டென்னிஸ் மட்டைக்கு ரப்பர் ஒட்டிக்கொடுத்தேன். பொள்ளாச்சியில் ஆடி மாதம் என்றால் முதல் வேலை ஜன்னலைச் சாத்துவது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரப்பசையில் ஒரு தூசியைப் போட்டாலும் அந்த இடம் மேடு தட்டிவிடும்.

தண்ணீர்ப் பசையை ரப்பரின் அடியிலுள்ள ஸ்பாஞ்சிலும் மட்டையின் மரத்திலும் மெல்லியதாகத் தடவி, வெண்மை முழுக்க மறையும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் பையன்களிடம் கிடையாது! கைப்பிடிப் பக்கமிருந்து உருட்டி ஒட்ட வேண்டும். இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி, ஓரத்தில் மரம் தெரியும்.

“சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போதாதுங்களா அண்ணா?” என்றான்.

“அந்த மாதிரி ஆவியாகும் கரைப்பான் உள்ள பசைக்கு டேபிள் டென்னிஸில் 2008லேயே சர்வதேசத் தடை வந்துவிட்டது, கண்ணு.”

ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் சிவப்புதான் அழகு என்பது என் கட்சி. அவனோ பச்சை கேட்கிறான். 2021 முதல் அதற்கும் அனுமதி இருக்கிறது, என்ன செய்வது!