ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த காய்ச்சல்

மார்கழி மழைக்குள் மட்டக்களப்பில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. டெங்கு. வயலுக்குப் போய் வருகிற ஆள் என்றால் எலிக்காய்ச்சல். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, நாங்கள் முதலில் காட்டிய டொக்டருக்கும் தோன்றவில்லை. தோன்றியது என் அம்மாவுக்கு மட்டும்தான். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். அதனால் அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் என் கணவருக்குக் குளிரத் தொடங்கியது. இரண்டு போர்வை போர்த்தும் பல் கிட்டி, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். ஒரு மணித்தியாலத்தில் குளிர் நின்று உடம்பு கொதித்தது. நடுச்சாமத்தில் வியர்த்துத் தலையணை நனைந்துபோனது. ஆனால் ஞாயிறு விடிய ஒன்றுமே நடக்காத மாதிரி எழும்பி, புட்டுச் சாப்பிட்டுவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார். சரி, தடிமன் காய்ச்சலாக்கும் என்று விட்டேன். திங்கட்கிழமை பின்னேரம் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு அதே நடுக்கம்.

அம்மா அடுப்படியில் நின்று சொன்னார்: "ஒருநாள் விட்டு ஒருநாள் வருகுது பாத்தியா புள்ள. மறுகாலும் நாளண்டைக்கு வரும் பாரு. இது மலேரியாக் காய்ச்சல்."

"அம்மா, இலங்கையில இப்ப மலேரியா இல்ல. 2016 புரட்டாதியில உலக சுகாதார நிறுவனமே சேட்டிபிக்கேற் குடுத்திட்டு" என்றேன். வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னேன் என்று இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. சொன்னது பிழையில்லை. இந்த மண்ணிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில்தான் பதிவானார். ஆனால் நாட்டில் இல்லாத நோய் ஓர் ஆளின் உடம்புக்குள் இருக்கலாம் என்ற சின்ன விசயம் அந்த நேரம் என் தலைக்குள் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு தனியார் டொக்டரிடம் காட்டினோம். இரத்தம் எடுத்தார்கள். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை நெகட்டிவ், பிளேட்லெட் 96,000, குறைவு. "நாலாம் நாளாப் போச்சு, என்.எஸ்.1 நெகட்டிவ் எண்டாலும் டெங்குவா இருக்கலாம்" என்றார். பிழையான பேச்சில்லை. வாந்தி, மூத்திரம், வயிற்றுவலி, வயல் வேலை எல்லாம் விசாரித்தார். எங்கேயாவது போய் வந்தீர்களா என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? என் கணவர் மேற்கு உகண்டாவில் ஒரு சிறிய நீர்மின் நிலையக் கட்டுமானத்தில் இரண்டு வருடம் வேலை செய்தவர்தான். ஆனால் வந்தது ஆனி மாதம். ஆறு மாதத்துக்கு முந்திய பயணத்தையும் இன்றைய காய்ச்சலையும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

புதன்கிழமை அம்மா சொன்னபடியே வந்தது. நான் அப்போதும் டெங்கு என்றே செவ்விளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நடுக்கம் தொடங்கும்போதே அம்மா ஓட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் அனுமதித்தபோது குறிப்பெழுதியவர் ஒரு இளம் பெண் டொக்டர். வழமையான கேள்விகளுக்கு நடுவே, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "கடைசி ஒரு வருசத்துக்குள்ள வெளிநாடு போனீங்களா?"

ஒரு மாதம் என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார். ஒரு வருடம் என்று கேட்டதால் உகண்டா வந்தது. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அங்க காய்ச்சல் வந்ததா?" ஓம், இரண்டு தரம். சைட்டுக்குப் பக்கத்துக் கடையில் விரலில் குத்திப் பார்த்து, கோர்டெம் என்ற மலேரியா மாத்திரை கொடுத்தார்களாம். மூன்று நாள், ஒரு வேளைக்கு நாலு, மொத்தம் 24. போட்டதும் சுகமாகிவிட்டது. அங்கே அது தடிமன் மாதிரியாம். எனக்குப் போனில் சொன்னதேயில்லை. சண்டை பிடிக்கிற இடம் அதில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலில் கீற்றுப் பரிசோதனை செய்தார்கள். கர்ப்பப் பரிசோதனைக் கீற்றைப் போலத்தான், ஒரு துளி இரத்தம் விட்டால் கோடு விழும். விழவேண்டிய கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் விழுந்தது. நெகட்டிவ். எனக்கு அப்பாடா என்று இருந்தது. டொக்டருக்கு இல்லை. மலேரியாப் பிரிவிலிருந்து ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடித் துண்டுகளில் தடிப்பாக ஒரு பூச்சும் மெல்லியதாக ஒரு பூச்சும் எடுத்துக்கொண்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். நெடுநேரம். வெளியே வந்து சொன்னார், "இருக்கு. ஓவாலே."

மலேரியாக் கிருமியில் பல வகை. ஆளைச் சீக்கிரம் கொல்லக்கூடியது பல்சிபாரம். அதைக் கீற்று நன்றாகப் பிடிக்கும். ஓவாலே அதில் பல தடவை தப்பிவிடும், இரத்தத்தில் அதன் எண்ணிக்கையும் குறைவு. பழகிய கண் நுணுக்குக்காட்டியில் தேடினால்தான் அகப்படும். உறுதிசெய்ய ஒரு மாதிரி பி.சி.ஆருக்குக் கொழும்புக்கும் போனது, அதுவும் ஓவாலே என்றே வந்தது.

ஆறு மாதம் எங்கே ஒளிந்திருந்தது? ஈரலில். நுளம்பு குத்தியதும் கிருமி முதலில் ஈரலுக்குத்தான் போகும். ஓவாலேயும் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகையும் அங்கே சில கிருமிகளை உறங்க வைத்துவிட்டு, மிச்சத்தை இரத்தத்துக்கு அனுப்பும். உகண்டாவில் போட்ட அந்த 24 மாத்திரையும் இரத்தத்தில் இருந்ததை மட்டும்தான் கொன்றன. உறங்கியது மார்கழியில் எழும்பியது. இரத்தத்துக்குள் வந்ததும் 48 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு வெளியேறும், அதுதான் அந்த நடுக்கம். அம்மா விரல்விட்டு எண்ணியது இந்தக் கணக்கைத்தான்.

மூன்று நாள் குளோரோகுவின். ஈரலில் உறங்குவதைக் கொல்ல பிரிமாகுவின், 14 நாள். பிரிமாகுவின் தொடங்குமுன் ஜி6பிடி என்ற நொதியம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். குறைவானவர்களுக்கு அந்த மருந்தே சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். இவருக்குப் பிரச்சினையில்லை. என்றாலும் மூத்திரம் கோலா நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவரச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிரட்டும் என்றதால் 14 நாளும் நான் சோற்றுக் கோப்பையும் கையுமாகத்தான் நின்றேன்.

வார்டில் இவர் ஒரு காட்சிப்பொருள். நுளம்பு வலைக்குள் படுத்திருந்த மனுசனைப் பார்க்க மருத்துவ மாணவர்கள் அணியணியாக வந்தார்கள். புத்தகத்தில் படித்த நோயை அவர்கள் நேரில் கண்டது இதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டில் ஐயா ஒருவர், வாகரைப் பக்கம், "இதுக்கா இவ்வளவு சனம்? எனக்கு ஏழெட்டுத் தரம் வந்த வருத்தம்" என்று சிரித்தார். குளோரோகுவின் கசப்பைப் பற்றி அவரும் அம்மாவும் அரைமணி நேரம் கதைத்தார்கள், ஏதோ ஒன்றாய்ப் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைப்பதுபோல.

நாங்கள் வீட்டுக்கு வருமுன்பே கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்கு மலேரியாப் பிரிவு வந்துவிட்டது. எங்கள் வீடு மட்டுமில்லை, சுற்றிவர இருந்த வீடுகளிலும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கிணறுகள், தண்ணீர்த் தொட்டிகள், பின்வளவில் மழைத்தண்ணீர் நின்ற பள்ளம் எல்லாவற்றிலும் அகப்பையால் அள்ளிக் குடம்பி தேடினார்கள். இரவில் நுளம்பு பிடித்தார்கள். எதிர்வீட்டு அக்கா இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவவின் சின்னவனின் விரலில் குத்தியதற்குக் காரணம் நாங்கள்தானே.

எனக்கும் இது கொஞ்சம் கூடிப்போனதாகத்தான் பட்டது. ஒரு நோயாளிக்கு இவ்வளவு ஆளா? வந்த அதிகாரி கிணற்றுக்கட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்: 1963இல் நாடு முழுக்க மலேரியா 17 பேருக்குத்தான். முடிந்தது என்று கை தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடியுமுன் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. நோய் போய்விட்டது, அதைப் பரப்புகிற அனோபிலிஸ் நுளம்பு போகவில்லை. மன்னாரில் 2016 கடைசியில் புதிதாக ஸ்டீபன்சை என்ற இனமும் அகப்பட்டிருக்கிறது, கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகுகிற இனம். 2018இல் மொனராகலையில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இங்குள்ள ஒருவருக்குத் தொற்றியது. "உங்கட அவரை ஒரு அனோபிலிஸ் குத்தி, அது இந்தச் சின்னவனைக் குத்தினா?" என்று எதிர்வீட்டைக் காட்டிக் கேட்டார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. நல்லகாலம், எடுத்த இரத்தம் எல்லாம் நெகட்டிவ்.

அம்மாவுக்கு வேறு கவலை. "இப்ப வீட்டுக்கு மருந்தடிக்கிறல்லையா தம்பி?" படுவான்கரையில் அம்மாவின் சின்ன வயதில் மலத்தியன் அடிக்க ஆட்கள் வருவார்களாம். சோற்றுப்பானையை மூடி வெளியே வைத்துவிட்டு எல்லாரும் மரத்தடிக்குப் போய்விடுவார்களாம். அந்த மணம் சுவரில் கிழமைக்கணக்கில் நிற்குமாம். தம்பி இந்தமுறை அதற்குத் தேவையில்லை என்றதில் அம்மாவுக்கு முழுத் திருப்தியில்லை.

முதலில் பார்த்த டொக்டரிடம் பிறகு போய் நோய்நிர்ணய அட்டையைக் காட்டினேன். கோபத்தில் போகவில்லை, அடுத்த ஆளுக்காவது உதவட்டும் என்றுதான். அவர் நிதானமாக வாசித்துவிட்டு, "உகண்டாவுக்குப் போனதை ஏன் சொல்லல்ல?" என்றார். நீங்கள் கேட்கவில்லையே என்று வாய்வரை வந்தது. நானும்தானே சொல்லவில்லை.

ஒரு வருடத்துக்கு மாதாமாதம் இரத்தம் கொடுக்க வேண்டும், இடையில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதலில் மலேரியாவுக்குத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். கோயில் இரத்ததான முகாமுக்கும் போகக்கூடாது. இதற்கிடையில் கம்பெனி மறுபடி உகண்டாவுக்குக் கூப்பிட்டிருக்கிறது, இவரும் போகத்தான் போகிறார். போகுமுன் மலேரியா ஒழிப்பு இயக்கத்தில் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். போனமுறையும் வாங்கினவர்தான், மூன்றாம் கிழமை நிறுத்திவிட்டாராம். ஒழுங்காகப் போட்டாலும் அந்த மாத்திரை ஈரலில் உறங்குவதைத் தொடாது, வந்த பிறகும் கண் வைத்திருக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அந்த நோய்நிர்ணய அட்டையை இப்போது பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன். அடுப்படிக் கலண்டரில் அம்மா மாதத்துக்கு ஒரு நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார். இன்னும் ஐந்து வட்டம் பாக்கி.