பிசிவி வால்வைத் தேடும் வழி

ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியா கராஜ்களில் இன்ன கம்பெனி வண்டிதான் வரும் என்று கிடையாது. காலையில் கொரோலா, மத்தியானம் ஃபோர்டு, சாயங்காலம் பிஎம்டபிள்யூ. புதிதாகச் சேரும் பையன்கள் தவறாமல் கேட்பது: "அண்ணே, இதுல பிசிவி வால்வு எங்க இருக்கு?" என்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப எரிக்க அனுப்பும் சின்ன வால்வு அது. நான் இடத்தைச் சொல்வதில்லை. ஹோஸைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வேன்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் சுழலும் அறைக்குள், இறங்கத்தான் செய்யும். பழைய கார்களில் அதை ஒரு குழாய் வழியாக ரோட்டிலேயே விட்டார்கள். கலிஃபோர்னியாவில் 1961 மாடல்களிலும், 1963 முதல் அமெரிக்கா முழுக்கவும், அதை மேனிஃபோல்டுக்கே (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) திருப்பி எரிக்கும் முறை வந்தது. ஆக, வால்வு இருப்பது கிராங்க்கேஸுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில்தான். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் போகும் ஹோஸ் நல்ல காற்று உள்ளே வருவதற்கு. பையன்கள் முதலில் அதைத்தான் கழற்றுவார்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸும் மேனிஃபோல்டிலிருந்துதான் கிளம்பும், அதையும் விட்டுவிட வேண்டும்.

பழைய அமெரிக்க வி8-களில் டேப்பட் கவரில் ரப்பர் புஷ்ஷில் சொருகியிருக்கும், கையால் பிடுங்கலாம். 1ZZ என்ஜின் கொரோலாவில் அதே கவரில் திருகியிருக்கும். ஹோண்டா அக்கார்டு 2.4-ல் மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கை ஒட்டி. டியூராடெக் என்ஜின் உள்ள ஃபோர்டு ஃபோகஸும் அப்படித்தான். ஃபோகஸில் மேனிஃபோல்டைக் கழற்றாமல் கை போகாது. சல்லிசான ஒரு பாகத்தை இப்படி ஒளித்து வைத்தால் யார் மாற்றுவார்கள்? டிசைன் போட்டவர் ஒருநாள் வந்து ஸ்பேனர் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் வந்த பல என்ஜின்களில் தனி வால்வே கிடையாது. செவர்லே குரூஸ் 1.8, பிஎம்டபிள்யூ என்55 போன்றவற்றில் டேப்பட் கவருக்குள்ளேயே ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதாவது மெல்லிய சவ்வு. அது கிழிந்தால் ஐட்லிங்கில் விசில் கேட்கும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள வண்டியில் அதைக் கொஞ்சம் தூக்கினால் விசில் நின்றுவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே இழுத்துப் பிடிக்கும். பார்த்தவர்களுக்கு அப்புறம் ஸ்கேனர் தேவைப்படாது. என்ன, கவரோடு மாற்ற வேண்டிவரும், செலவு ஜாஸ்தி.

சொருகும் வகை வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். என்ஜின் ஓடும்போது அதன் வாயில் விரலை வைத்தால் இழுப்பு தெரியும். சத்தம் வருகிறது என்பதற்காக மட்டும் திரும்ப மாட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்பிரிங் தளர்ந்தாலும் சத்தம் வரும்.

வால்வு அடைத்துக்கொண்டால் பிரஷர் வேறு வழி தேடும். பெரும்பாலும் கிராங்க்கின் பின்பக்க சீலில் ஆயில் கசியும். கஸ்டமர் "சீல் போச்சு" என்று சொல்லிக்கொண்டே வருவார். கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டுவிட்டு வால்வை அப்படியே விட்டால் அதே கசிவோடு வண்டி திரும்பி வரும். அதனால் பின்பக்க சீல் வேலைக்கு எஸ்டிமேட் எழுதும்போதே பிசிவியையும் சேர்த்துவிடுகிறேன். "இது எதுக்கு பாய்?" என்று கேட்பவர் கையில் அடைத்துப்போன பழைய வால்வைக் கொடுத்து, ஆட்டிப் பார்க்கச் சொன்னால் போதும், அநேகமாகப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.