அவர் ஸ்கோர் 778, என் ஸ்கோர் 641

கல்யாணமான மூன்றாவது வருடம், திருச்சியில் ஒரு வீடு வாங்கலாம் என்று வங்கிக்குப் போனோம். கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். இவருடையது 778. என்னுடையது 641. லோன் பிரிவில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "மேடம் பேரை எடுத்துட்டா ஃபைலை இன்னைக்கே அனுப்பிடலாம் சார்" என்றார். பக்கத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "அப்போ உன் கடனால என் பையன் பேரும் கெட்டுப்போச்சாம்மா?"

கெடவில்லை. ஸ்கோர் அவரவர் பான் எண்ணோடு போகிறது. தாலி கட்டியதால் இரண்டு பேர் கடன் கணக்கும் ஒன்றாகிவிடாது. சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஒட்டிக்கொள்ளும். அது புரியாமல், இவர் கிரெடிட் கார்டோடு சேர்த்து எனக்கு எடுத்துக் கொடுத்த ஆட்-ஆன் கார்டை இரண்டு வருடம் தேய்த்து என் ஸ்கோர் ஏறுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அத்தனையும் இவர் கணக்கில்தான் பதிவாகியிருந்தது.

சரி, பெயரை எடுத்துவிடலாம் என்றால், வங்கியின் கணக்கு வேறு. பத்திரத்தில் பங்கு இருப்பவர் கடனிலும் சேர வேண்டும். ஆக, கடனிலிருந்து விலகினால் வீட்டிலிருந்தும் விலக வேண்டும். முன்பணத்தில் பாதி என் நகை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இவரும் "ஆறு மாசம் பொறுத்து வாங்குவோம்" என்றார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை.

என் 641-க்குக் காரணம் கல்விக் கடன். படித்து முடித்து வேலை கிடைக்காமல் தவணை நின்றுபோய், கடைசியில் அப்பா வங்கியோடு பேசி, கட்ட முடிந்ததைக் கட்டி 2019-ல் முடித்தார். 38,000 ரூபாய் தள்ளுபடி. கடன் தீர்ந்தது என்று கோவிலுக்கெல்லாம் போய் வந்தோம். கடன் வரலாறு பதிவாகும் சிபில் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'செட்டில்டு' என்று நின்றது. முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தவர் என்று அர்த்தம். கடனில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்ததால் அவர் ரிப்போர்ட்டிலும் அதே வரி.

அந்தக் கிளைக்குப் போய் 38,000-ஐக் கட்டுகிறேன் என்றேன். "தள்ளுபடி பண்ணினதை யாராவது கட்டுவாங்களாம்மா?" என்று அங்கிருந்தவர் சிரித்தார். கணக்கே பழைய சிஸ்டத்தில் இருக்கிறது என்று மூன்று முறை அலையவிட்டார்கள். கட்டி, பாக்கி இல்லை என்கிற 'நோ டியூஸ்' கடிதம் வாங்கிய பிறகும் ரிப்போர்ட் மாறவில்லை. அப்புறம் சிபில் தளத்தில் திருத்தக் கோரிக்கை போட்டேன். அவர்களாக எதையும் மாற்ற முடியாது. கடன் கொடுத்த வங்கி சரி என்று சொன்னால்தான் மாறும். ஆனால் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வங்கிக்கு அந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டேன். நான்காவது நாள் வேலை முடிந்தது.

நடுவில் ஒரு இனிஷியல் கூத்து. ஆதாரில் இவர் இனிஷியல், பானில் அப்பா இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று வங்கி சொல்ல, பானில் பெயரைத் திருத்தினேன். எண் அதேதான் என்பதால் பழைய வரலாறு எங்கும் போய்விடவில்லை, நல்லதும் கெட்டதும்.

இருபதாயிரம் எஃப்.டி. போட்டு, அதை ஈடாக வைத்து என் பெயரிலேயே ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். பால், மளிகை மட்டும் அதில். பில் வந்ததும் முழுதாகக் கட்டிவிடுவேன். பழைய தாமதங்கள் அழியவில்லை என்றாலும் ஏழாவது மாதம் ஸ்கோர் 718. அதே வங்கி, அதே இருக்கை. இந்த முறை இரண்டு பெயரிலும் கடன் வந்தது, பத்திரமும் இரண்டு பெயரில்.

இப்போது ஒரு தவணை தவறினாலும் இருவர் ரிப்போர்ட்டிலும் விழும். அதனால் மாதம் பிறந்ததும் அந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று இருவருமே பார்க்கிறோம். சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தருகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்து எடுக்கிறோம்.

போன வாரம் கொழுந்தன் வண்டிக் கடனுக்கு இவரை ஜாமீன் கையெழுத்துப் போடக் கேட்டிருக்கிறார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். ரிப்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.